ஜோடியா வந்தா வாடகை இல்லை

அக்கா: வாடகையே வேண்டாங்கறேன், நீ என்னடி லாட்ஜு லாட்ஜுன்னு...

தங்கை: நம்புற மாதிரியா இருக்கு? அந்த ஊர்ல ஒரு டீ குடிக்கவே யோசிக்கணும்னு சொல்றாங்க. நீ முழு வீட்டையே சும்மா தர்றேங்கற.

அக்கா: நான் எங்கடி தர்றேன்? வீட்டுக்காரங்க தர்றாங்க. ஜோடியா வந்தா வாடகை கிடையாது.

தங்கை: தனியா வந்தா?

அக்கா: தனியா யாரும் வர்றதில்லை.

தங்கை: சரி, வழியைச் சொல்லு. சுரங்கப்பாதை வரைக்கும் நேத்தே சொல்லிட்ட. ராத்திரி பெட்ரோல் பங்க்ல வண்டியைப் போட்டு உள்ளேயே தூங்கிடணும், ரூம் செலவு மிச்சம். அதுக்கப்புறம்?

அக்கா: சுரங்கம் தாண்டினதும் ரெண்டாவது இடது. போர்டு இருக்காது. கடல் வலது கைப் பக்கமாவே கூட வரும். கடல் மறைஞ்சா, வந்துட்டீங்கன்னு அர்த்தம்.

தங்கை: இரு... டைப் பண்ணிக்கறேன்.

அக்கா: யாருக்குடி டைப் பண்ற?

தங்கை: எனக்குத்தான். பேனா கிடைக்கல. உன் பொண்ணு ஒரு பேனாவை வீட்ல விட்டு வெக்கிறதில்லை.

அக்கா: ...பாப்பா என்ன பண்றா?

தங்கை: ஸ்கூலுக்குப் போயிருக்கா. முன்பல்லு ரெண்டும் விழுந்திருச்சு. சிரிச்சா உன்னை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கா. நாலு நாள் டூர்னு சொல்லி என்கிட்ட விட்டுட்டுப் போன. பதினோரு மாசம் ஆச்சு.

அக்கா: தெரியும்.

தங்கை: தெரிஞ்சுமா...

அக்கா: மீதியைக் கேளு. துணிமணி எதுவும் எடுத்துட்டு வராதீங்க. இங்க எல்லாம் இருக்கு.

தங்கை: என் அளவுக்கா?

அக்கா: எல்லா அளவுக்கும். பீரோ நாலு இருக்கு. செருப்பு கூட நம்பர் வாரியா அடுக்கி வெச்சிருக்கு. உனக்கு ஏழு.

தங்கை: அஞ்சு இருக்குமா?

அக்கா: உனக்கு எதுக்கு அஞ்சு?

தங்கை: சும்மா கேட்டேன். எல்லாம் யாரோடது?

அக்கா: முன்னாடி வந்தவங்களோடது. சமையலறை டிராயர்ல கரண்டி இருக்கும்னு இழுத்தேன். பூரா மூக்குக்கண்ணாடி. பவர் வாரியா சீட்டு ஒட்டி வெச்சிருக்கு.

தங்கை: கண்ணாடியைக் கூடவா விட்டுட்டுப் போவாங்க? தடவிக்கிட்டா வீடு போய்ச் சேர்ந்தாங்க?

அக்கா: ...போகும்போது எதையும் எடுத்துக்கக் கூடாது. அது இங்க ஒரு பழக்கம்.

தங்கை: காரை?

அக்கா: காரையும். ஷெட்ல ஒன்பது கார் நிக்குது, நம்ம காரோட சேர்த்து. ஒவ்வொண்ணுலயும் ஏறி உக்காந்து பார்த்தேன். ஒண்ணுல கால் எட்டல, ஒண்ணுல முட்டி இடிக்குது. ஓட்டினவங்க இப்பதான் இறங்கிப் போன மாதிரி.

தங்கை: சரியா பொழுதுபோக்கக் கத்துக்கிட்ட போ. அப்ப வாடகைக் கார் எடுத்தா மாட்டிக்குவோம்னு சொல்லு. சொந்தக் காரே தேவலை, ஓட்டை ஒடிசலா இருந்தாலும்.

அக்கா: உங்ககிட்டதான் கார் இல்லையே.

தங்கை: ஏற்பாடு பண்ணியாச்சு. மாமா எங்க? குரலே கேக்கல. எப்பவும் நடுவுல புகுந்து கிண்டல் பண்ணுவாரே.

அக்கா: கேட்டுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்கார். காலையில இருந்து ரோட்டையே பார்த்துட்டு.

தங்கை: சாப்பிட்டாரா?

அக்கா: சாப்பாட்டுக்கு இங்க குறையே இல்லை. காலையில பிரிட்ஜைத் திறந்தா இருக்கும். ரெண்டு பேருக்கு அளவா.

தங்கை: யார் வெக்கிறாங்க?

அக்கா: பார்த்ததில்லை. ஒரு நாள் பூரா அங்கேயே முழிச்சு உக்காந்திருந்தேன். ஒருத்தரும் வரல. திறந்தேன், இருந்துச்சு.

தங்கை: அக்கா...

அக்கா: இன்னைக்கு நாலு பேருக்கு இருந்துச்சுடி.

தங்கை: நாலு பேருக்கா?

அக்கா: நீ இன்னும் கிளம்பலைல்ல?

தங்கை: அதான் பேசிட்டிருக்கேனே.

அக்கா: பேசிட்டேதான் எல்லாரும் வண்டி ஓட்டுறாங்க. எங்க இருக்க, சொல்லு.

தங்கை: நாங்க வந்தா நாலு பேரும் ஒண்ணா இருப்போமா? அதைச் சொல்லு முதல்ல.

அக்கா: நாங்க கிளம்பிடுவோம்.

தங்கை: எப்ப?

அக்கா: நீங்க உள்ள நுழைஞ்ச உடனே.

தங்கை: ஒரு வாய் காபி கூடச் சேர்ந்து குடிக்காமலா? நல்லா இருக்கு உன் விருந்து.

அக்கா: கிண்டல் பண்ணாத.

தங்கை: பாப்பா என்னை அம்மான்னு கூப்பிடறா. போன வாரத்துல இருந்து. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்.

அக்கா: அம்மான்னா...

தங்கை: அக்கா? அழறியா?

அக்கா: அவளைப் பார்க்கணும்டி. அதுக்காகத்தான்... வேற ஒண்ணும் கெட்ட எண்ணம் இல்லை. சத்தியமா இல்லை.

தங்கை: எதுக்காகத்தான்? என்ன பண்ணின?

அக்கா: இரு... மாமா எழுந்து நின்னுட்டார். கை காட்டுறார்.

தங்கை: யாருக்கு?

அக்கா: கார் சத்தம். ஐயோ... அடிப்பாவி, கிளம்பலைன்னு சொன்னியே. திருப்பச் சொல்லு. உன் வீட்டுக்காரர்கிட்ட வண்டியைத் திருப்பச் சொல்லுடி.

தங்கை: ஏன்? இவ்வளவு நேரம் வா வான்னு...

அக்கா: இதுல இருந்து வெளிய போக முடியாதுடி. நாலு தடவை கிளம்பினோம். எப்படிப் போனாலும் ரோடு இதே கேட்டுல கொண்டு வந்து விடுது. இன்னொரு ஜோடி வந்து உக்காந்தாதான் இருக்கிற ஜோடி போகலாம். முன்னாடி இருந்தவங்க சீட்டு எழுதி வெச்சிருந்தாங்க. போன்ல உன் நம்பரைத் தவிர எதுக்கும் லைன் போகல. எத்தனை மாசம் பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன் தெரியுமா? என் வயித்துல பொறந்தவளைப் பார்க்க, என் கூடப் பொறந்தவளை இங்க கொண்டு வந்து அடைக்கப் பார்த்தேன். புத்தி கெட்டுப் போச்சு. வேண்டாம். நான் இங்கேயே கிடக்கறேன், பாப்பா உன்னையே அம்மான்னு கூப்பிடட்டும். நீ உள்ள வராத. காலைப் பிடிச்சுக் கேக்கறேன், வராத.

தங்கை: நான் வரலக்கா.

அக்கா: பொய் சொல்லாத, கார் தெரியுது. சுரங்கம், ரெண்டாவது இடது... எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டியே.

தங்கை: நான் வீட்லதான் இருக்கேன். அவர் ஆபீஸ் போயிருக்கார். உங்களுக்கு அந்த வீட்டைச் சொல்லி அனுப்பினாரே மாமாவோட ஆபீஸ்காரர், அவரைப் போன மாசமே தேடிப் பிடிச்சேன். அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டார். வண்டியில வர்றது எங்க மாடி வீட்டு ஜோடி. கல்யாணமாகி ரெண்டு மாசம்தான் ஆகுது, அந்த ஊருக்குப் போகணும்னு ஆசை, கையில காசு இல்லை. நீ வழி சொல்லச் சொல்ல அவங்களுக்குத்தான் அனுப்பிட்டிருந்தேன். ரொம்ப நல்ல பொண்ணுக்கா, தினம் நம்ம பாப்பாவுக்குத் தலை பின்னிவிடுவா. அதையெல்லாம் நீ நினைக்காத. கண்ணைத் துடைச்சுட்டு, சிரிச்ச முகமா போய்க் கேட்டைத் திற.