வலப்பக்கத்தில் நாலாம் நம்பர்

— கேட்டியே மகேந்திரராசா, நான் ரெண்டு விரல் காட்டினா நீ வலப்பக்கம் வெட்டி ஓடவேணும். நீயெண்டா பந்தைப் பின்னுக்குத் தட்டிப்போட்டு நடக்கிறாய். அரைவாசி ஆட்டம் முடிஞ்சுது, ரெண்டு கோல் பின்னுக்கு நிக்கிறம்!

— வலப்பக்கம் வேண்டாம், தேவநாயகம் அண்ணை. நான் நெடுக அடிச்சு விடுறன், குருசுமுத்து தலையால போடட்டும்.

— குருசுமுத்துவோ? அவன் இந்த டெனிஷ் பொலிஸ் டீமின்ர நெஞ்சுக்குத்தான் நிக்கிறான். வானத்தால போற பந்தை ஏணி வைச்சோ எடுக்கிறது?

— அப்ப இடப்பக்கத்தால போவம்.

— அங்க அடைச்சு நிக்கிறாங்களடா. வலப்பக்கத்தில அந்த மொட்டை, நாலாம் நம்பர், தொந்தியைத் தள்ளிக்கொண்டு நிக்குது. நீ ஒருக்கா ஓடினா அது திரும்பவே பொழுதுபட்டிடும். ஊரில கொலிஜ் டீமுக்கு நான் கப்டனா இருக்கேக்க மூண்டு வருசம் உன்னை நடுவில விட்டு வளர்த்தது இதுக்கே? எங்கட ஆட்டத்தை ஓட்டுறவன் நீயெண்டு ரண்டர்ஸ் அகதிக் காம்ப் முழுக்கச் சொல்லி வைச்சிருக்கிறன். மானம் போகுது.

— அண்ணை, முதல்ல அறைக் கதவைச் சாத்துங்கோ.

— என்னத்துக்கடா? குளிரோ?

— அந்த நாலாம் நம்பர்தான் என்ர அகதிக் கேசை விசாரிச்சது. போன கிழமை. மேசைக்கு அங்கால இருந்து நான் சொன்னதெல்லாம் ரைப் அடிச்சது. இண்டைக்கு அரைக் காற்சட்டையோட வந்து கைதந்திட்டு என்ர காலைப் பாத்தது. சத்தியமா எனக்குச் சீவன் போயிட்டுது.

— விசாரிச்சா என்ன? அகதி பந்தடிக்கக் கூடாதெண்டு டென்மார்க்கில சட்டமோ?

— வலது முழங்கால் மடக்க ஏலாதெண்டு சொல்லிப்போட்டன் அண்ணை. ஊரில ஆமி பிடிச்சுக்கொண்டு போய் அடிச்சு உடைச்சதெண்டு.

— உனக்கோ? உன்ர முழங்காலுக்கு என்ன?

— ஒண்டுமில்லை. என்னை ஒருத்தனும் பிடிக்கேல்லை. பிடிக்க முன்னம் ஓடி வந்தனான். வெறும் பயத்தைச் சொன்னா ஆர் நம்புவாங்கள்? பயத்துக்கு என்ன தழும்பைக் காட்டுறது?

— அறுவானே! உப்பிடி ஒரு கதையை உனக்கு ஆர் கட்டித் தந்தது?

— கட்டின கதையில்லை. நடந்தது.

— ஆருக்கு?

— இஞ்ச வாற வழியில கிழக்கு பேர்லினில ரயிலுக்கு நிக்கேக்க நீங்கள் அழுதழுது சொன்னியள். ஜீப்பில ஏத்தினது, இரும்புக் கட்டில், பதினொரு நாள்... எல்லாம் அப்பிடியே சொல்லிப்போட்டன்.

— என்ர காலையோ? டேய், என்ர காலையோ குடுத்தனி? பாவி! செவ்வாய்க்கிழமை எனக்கு விசாரணை. அதே ஆளுக்கு முன்னால இந்தக் காலை இழுத்துக்கொண்டு போய் நான் என்னத்தைச் சொல்லுறது? ஒரே கதையை ரெண்டு பேர் சொன்னா ரெண்டாவதா வாறவனைத்தானே கள்ளன் எண்டுவாங்கள்! திருப்பி அனுப்பினா என்னை அங்க உயிரோட விடுவாங்களோ?

— தெரியும் அண்ணை. அண்டையில இருந்து நித்திரை இல்லை.

— ஐயோ, விசில் ஊதுறாங்கள். நீ வெளியில வராத. கால் பிரண்டு போச்செண்டு சொல்லுறன். இஞ்சையே இரு.

— வேண்டாம். நான் ஒளிச்சிருந்தா அந்தாள் என்ர கதையைத்தான் நம்பும், உங்கடையை நம்பாது. ஓடினா, என்ர முழங்காலில ஒண்டுமில்லையெண்டு தன்ர கண்ணாலயே காணும்.

— விசரா, உன்னைப் பிளேன் ஏத்திப்போடுவாங்களடா!

— ஏத்தினா ஏத்தட்டும். பந்தை எனக்கே தரச் சொல்லுங்கோ அண்ணை, அந்தாளுக்கு நேரயே ஓடிக் காட்டுறன்.