கேட்காமல் விட்ட கேள்வி

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் வடக்குப்பட்டு ஊர்ப்பெரியவர் சுப்பராயன் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் என் சக பல் மருத்துவர்களே! பகல் ஷிப்ட் முடித்துச் சீருடையோடு வந்து நிற்கும் உழைப்பின் உருவங்களே! என்னைப் பெறாமல் பெற்ற தாய்மார்களே! பல் மருத்துவர் காந்திமதியின் பணிவான வணக்கம்.

புகையிலை ஒழிப்புக் கூட்டத்தை வாழ்த்திப் பேச அழைத்தீர்கள், வழக்காட வந்திருக்கிறேன். முதல் குற்றவாளி நான்தான்!

என் மருத்துவமனைக்கு வெல்டர் கோதண்டம் வந்தார். பல்லெல்லாம் புகையிலைக் கறை. "பொண்ணுக்கு நிச்சயதார்த்தம் டாக்டர். போட்டோல பல்லு பளிச்சுனு தெரியணும்" என்றார். கறையை எடுத்தேன். காரணத்தைக் கேட்டேனா? இல்லை! கன்னத்தின் உட்புறம் பார்த்தேனா? இல்லை! பல்லைப் பளிங்காக்கினேன், பாழாகிக்கொண்டிருந்த வாயைப் பார்க்காமல் அனுப்பினேன்!

ஒன்றரை ஆண்டு கழித்து அவர் மனைவி மரகதம் வந்து நின்றார். வாய்ப் புற்றுநோய். தாடையை அறுத்தெடுத்தும் கோதண்டம் பிழைக்கவில்லை. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "அம்மாம் நேரம் வாயத் தொறந்து காட்டிக்கினு இருந்தாரே. அத வுட்டுடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

எந்தப் பட்டம் இதற்குப் பதில் சொல்லும்?

அடுத்து நரசிம்மன் வந்தார். தொழிற்சாலையில், அசெம்பிளி லைனில் வேலை. வாயில் மூன்று விரல் நுழைய வேண்டும். அவருக்கு இரண்டுகூட நுழையவில்லை. கன்னத்தில் வெள்ளைத் திட்டு. இம்முறை கேட்டேன். "பொகையில பாக்கு இல்லன்னா லைன்ல நிக்க முடியாது டாக்டர். ஓவர்டைம் வேற பாக்கணும்" என்றார். சதையை எடுத்துச் சோதித்தோம். புற்றாக மாறவில்லை, மாறக் காத்திருந்தது! விடுவதற்கு நாள் குறித்தோம். தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்ச் கொடுத்தேன். தினமும் போனில் பேசினேன். ஆறாம் நாள் உடைந்து அழுதார்: "தப்பு பண்ட்டேன் டாக்டர், மறுபடி போட்டுட்டேன்."

"அதனால இன்னா? இன்னிலேருந்து மறுபடி ஆரம்பிங்க" என்றேன்.

அங்கே சீருடையில் நிற்கும் தம்பி, என்ன சொல்கிறீர்கள்? "சூப்பர்வைசர் தண்ணி குடிக்கக்கூட வுடமாட்டான்" என்றா? உரக்கச் சொல்லுங்கள், ஊர் கேட்கட்டும்! நிர்வாகத்தாரே! தீப்பெட்டி இருக்கிறதா என்று தொழிற்சாலை வாசல் கேட்டில் தொழிலாளியின் சட்டைப்பையைத் தடவுகிறீர்களே, உயிரைக் குடிக்கும் பாக்குப் பொட்டலம் மட்டும் உங்கள் கையில் தட்டுப்படாதா? தடை செய்த சரக்கு, கேட்டுக்கு எதிரேயே எப்படிச் சரஞ்சரமாய்த் தொங்குகிறது? களைத்த மனிதனுக்கு ஐந்து நிமிட ஓய்வு தர மறுத்துவிட்டு, அவன் பாக்கை மென்றபடி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது நிர்வாகமா? அநியாயம்!

நரசிம்மன் புகையிலையை விட்டுப் பத்து மாதம் ஆகிறது. திட்டை அகற்றியாயிற்று. இறுகிய வாய் முழுதாய்த் திறக்கவில்லை. திறக்குமென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நேற்று வந்து சொன்னார்: "ரெண்டு வருசம் கழிச்சு மீன் கொழம்பு துன்னேன் டாக்டர். வாயி எரியல!"

சக மருத்துவர்களே! கேளுங்கள். விட உதவுங்கள். வழுக்கி விழுந்தால் வையாமல் தூக்குங்கள். கேட்க நேரமில்லை என்பவர், அந்த மருத்துவர் நாற்காலியை விட்டு எழுந்து போகட்டும்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. நாளை காலையில் முதல் நோயாளியிடம் 'புகையிலை போடுவீர்களா?' என்று கேட்கப்போகும் மருத்துவர்களுக்கு இன்றே என் வணக்கம்!