ஐந்து மணிக்கு வீடு போன கார்டுகள்

ஐந்து நாற்பதுக்கு எங்கள் ஆலைச் சங்கு இரண்டாம் முறையாக அலறியபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். கார்வர்ஸ்வில் ஊரே அந்தச் சங்கைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும். மாலைச் சங்கு இரண்டு தடவை ஊதினால் ஊரில் பாதிப் பேர் ராத்திரிச் சாப்பாட்டைக் கருக விட்டுவிடுவார்கள்.

நான் நடந்துகொண்டே பேசலாமா? நான்கு மாதமாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நீங்கள் உட்கார்ந்தே எழுதிக்கொள்ளுங்கள், வக்கீல் சார்.

நான் எல்வுட் கேரிங்டன். சட்டை ஆலை அப்பா கட்டியது. ஊர் வர்த்தகச் சங்கத்துக்கு நான் தலைவர். போன வருடம், 1933இல், ஊரில் மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லாத நேரத்தில், வாஷிங்டனிலிருந்து அந்தச் சட்டம் வந்தது. வாரத்துக்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல் யாரிடமும் வேலை வாங்கக் கூடாது. கூலி இவ்வளவுக்குக் குறையக் கூடாது. அப்போது முதலாளிகள் இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்பார்கள், அந்தப் பத்துப் பேர் கடைக்குப் போவார்கள், சந்தை எழுந்து நிற்கும். கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஒப்புக்கொண்ட முதலாளிக்கு நீலக் கழுகுப் படம் ஒன்று கொடுத்தார்கள், ஜன்னலில் ஒட்டிக்கொள்ள.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டில் சங்கத்தில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். உட்கார்ந்த பிறகு, இரும்புக்கடை ஓட்டிஸ் கோழிக் கறியைக் குத்திக்கொண்டே கேட்டார்:

“ஏன் எல்வுட், இந்தக் கழுகு முட்டை போடுமா, இல்ல நம்ம கோழியத் தூக்கிட்டுப் போகுமா?”

சிரித்துவிட்டு எல்லோரும் ஆளுக்கொரு படம் வாங்கிக்கொண்டு போனார்கள். ஊரில் சட்டத்தை யாராவது மீறுகிறார்களா என்று பார்க்க ஒரு குழு வேண்டும் என்றார்கள். அதற்கும் என்னையே தலைவராகப் போட்டார்கள். அதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. ஆலை நடத்தத் தெரிந்தவனுக்குத்தானே ஆலையைக் கண்காணிக்கத் தெரியும்?

பத்துப் பேரைச் சேர்க்க எனக்கு வழி இல்லை. அதே நேரம் சட்டைகளைக் குறைக்கவும் வழி இல்லை. ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு உபாயம் கண்டுபிடித்தார்கள். மளிகைக்கடைக்காரர் தன் ஐந்து குமாஸ்தாக்களையும் ஒரே நாளில் பங்குதாரர்கள் ஆக்கினார். பங்குதாரருக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. நான் கண்டுபிடித்தது கார்டு.

எங்கள் வாசலில் ஒரு கடிகாரப் பெட்டி இருக்கிறது. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் ஆளுக்கொரு கார்டை அதில் செருகினால் நேரம் பதிந்துவிடும். ஐந்து மணிக்குச் சங்கு ஊதும். நூற்று ஐம்பத்தொரு பேரும் கார்டைச் செருகி, ஊர் பார்க்க முன் வாசல் வழியாகப் போவார்கள். அவர்களில் பதினோரு பெண்கள் மட்டும் தேவாலயத்துச் சந்து வழியாகச் சுற்றி, நிலக்கரி முற்றத்துப் படி வழியாக மூன்றாவது மாடிக்கு ஏறிவிடுவார்கள். அங்கே எட்டு மணி வரை வேலை. என்ன வேலை என்று கேட்பீர்கள். கழுகுப் படம் போட்ட சின்னத் துணிச்சீட்டு ஒன்றை ஒவ்வொரு சட்டைக் கழுத்திலும் தைக்க வேண்டும். சட்டப்படி தைத்த சட்டை என்று அதற்கு அர்த்தம். அது இல்லாத சட்டையை சிகாகோக் கடைகள் தொடாது.

அந்தப் பெண்களும் முகம் சுளிக்கவில்லை. ஸ்தாசியா என்று ஒரு போலந்துப் பெண், சிவப்புத் தலைத்துணி கட்டியிருப்பாள், வாய்த்துடுக்கு அதிகம். ஒருநாள் படியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“அஞ்சு மணிக்கு எங்க கார்டு வீட்டுக்குப் போயிடுது முதலாளி. எட்டு மணிக்கு நாங்க போறோம். கார்டாப் பொறந்திருக்கலாம்.”

நானும் சிரித்தேன். நான் கடுமையானவன் அல்ல.

ஜூன் மாதம் சட்டம் நடக்கிறதா என்று சோதிக்க, மர்டாக் என்ற இன்ஸ்பெக்டர் வாஷிங்டனிலிருந்து வந்து ஊர் ஹோட்டலில் தங்கினார். இளைஞர், கெட்டிக்காரர், எதையும் இரண்டு தடவை பார்க்கிறவர். சாயங்காலம் ஊரைச் சுற்றிப் பார்ப்பேன் என்றார். சீட்டு தைக்கிற வேலையை ஒருநாள் நிறுத்தலாம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை ரயிலில் நாலாயிரம் சட்டை ஏற வேண்டும். அதனால் மத்தியானம் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான மேற்பார்வையாளர் ஹில்டாவைக் கூப்பிட்டு, அவர்கள் ஏறியதும் படிக் கதவைக் கீழே பூட்டிவிடுவேன், சாவி என்னிடமே இருக்கும், எட்டு மணிக்கு நானே வந்து திறப்பேன் என்றேன். ஹில்டா எங்களிடம் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள்.

“பூட்டிட்டா, ஏதாவது அவசரம்னா எப்படிங்க இறங்குறது?”

“என்ன அவசரம் ஹில்டா? அவசரமெல்லாம் இப்ப வாஷிங்டன்லதான்.”

அவள் தலையாட்டிவிட்டு மேலே போனாள்.

ஐந்து மணிக்கு நானும் மர்டாக்கும் எதிர்த்த ஹோட்டல் வாசலில் நின்று, பெண்கள் கும்பலாக வெளியே வருவதைப் பார்த்தோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடம்கூடத் தவறவில்லையே என்று பாராட்டினார். நான் ஒரு காரியம் இருக்கிறதென்று சொல்லிப் பின்பக்கம் போய், பூட்டிவிட்டு வந்தேன். பிறகு காபி சாப்பிட்டோம். பிறகுதான் சங்கு.

தீ இரண்டாவது மாடி இஸ்திரி அறையில் பிடித்தது. பருத்தித் துணி, மரத் தரை; நீங்களே ஊகிக்கலாம். நான் ஓடினேன். எரிகிற ஆலைக்குள் நுழைந்தேன் என்று பத்திரிகையில் போட்டார்கள். அது உண்மை. முன் அறைக்குள் போய், கார்டுகளைச் செருகி வைத்திருக்கும் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். புருவம் பொசுங்கிவிட்டது. கூட்டம் கை தட்டியது.

தீயணைப்புத் தலைவர் டெல்பர்ட் ஹேன்லி என் பள்ளித் தோழன். ஊரில் ஒரே ஒரு நீள ஏணி, இரண்டு குழாய். பக்கத்தில் மரக்கடை, அது பிடித்தால் தெருவே போய்விடும். அவன் என்னிடம் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான். மர்டாக் என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். நான் பலகையை நீட்டினேன். நூற்று ஐம்பத்தொரு கார்டு, எல்லாவற்றிலும் ஐந்து மணி. மர்டாக்கே புரட்டிப் பார்த்து, எல்லோரும் போய்விட்டார்கள் என்று டெல்பர்ட்டிடம் சொன்னார். கவனியுங்கள், சொன்னது அவர்.

நான் யோசித்தது இதுதான். உண்மையைச் சொன்னால் கழுகு போய்விடும். கழுகு போனால் சிகாகோ போய்விடும். நூற்று நாற்பது குடும்பம் தெருவில் நிற்கும். ஒரு பக்கம் நூற்று நாற்பது, ஒரு பக்கம் பதினொன்று. அதுவும் அவர்கள் எப்படியாவது இறங்கியிருப்பார்கள் என்று நான் நம்பினேன். ஹில்டா சமயோசிதமானவள். சாவி என் கோட்டுப் பையில் இருந்தது. அதையும் நான் மறந்துவிடவில்லை.

மறுநாள் சங்கத்தில் அவசரக் கூட்டம். பதினோரு பெண்களும் சொந்தத் துணி தைக்க அனுமதியில்லாமல் பின்வழியாக நுழைந்திருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதினோம். நானே எழுதினேன். வேலை நேரத்தில் சாகாதவர்களுக்கு நஷ்ட ஈடு கிடையாது என்று காப்பீட்டுக் கம்பெனி சொல்லிவிட்டது. எங்களுக்கு மனம் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒரு உப்புக்கண்டப் பன்றித்தொடை அனுப்பினோம். ஸ்தாசியாவின் கணவன் மட்டும் அதைக் கொண்டுவந்து என் வெளிக்கதவில் கட்டித் தொங்கவிட்டுப் போனான். இரண்டு நாள் தொங்கியது. அதை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை.

புது ஆலை செப்டம்பரில் திறந்தது. புதுக் கழுகு ஒட்டினோம். நூற்று நாற்பது பேரும் வேலையில் இருக்கிறார்கள். நான் செய்தது பலித்துவிட்டது என்பதை நீங்கள் மறுக்க முடியாது. ஐந்து மணிச் சங்கு ஊதினால் மட்டும் கால்கள் எழுந்துவிடுகின்றன. எங்கே போவதென்று அவற்றுக்கும் தெரியவில்லை. மேஜையைச் சுற்றுகிறேன், தெருவைச் சுற்றுகிறேன், தேவாலயத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு நிலக்கரி முற்றம் வரை போய்விட்டுத் திரும்புகிறேன்.

நீங்கள் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. டெல்பர்ட் சொல்லியிருக்க மாட்டான். தன் கண்தான் ஏமாந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். வேலையை விட்டுவிட்டுத் தங்கை ஊருக்குப் போய்விட்டான். நானும் திருத்தவில்லை. மர்டாக் கார்டுகளோடு புகையை விட்டு நகர்ந்த பிறகு, டெல்பர்ட் என் கையைப் பிடித்து மேலே காட்டினான்.

“மூணாவது மாடி ஜன்னல்ல என்னமோ வெள்ளையா ஆடுதே எல்வுட். கை மாதிரி இல்ல?”

பார்த்தேன். ஜூன் மாதம், நல்ல வெளிச்சம். வெள்ளைச் சட்டைக்கை, அதற்கு மேலே சிவப்புத் தலைத்துணி. என் பக்கம்தான் பார்த்தாள்.

“சட்டைதான் டெல்பர்ட், காத்துல ஆடுது. நீ ஏணிய மரக்கடைப் பக்கம் திருப்பு.”