பச்சைப் புள்ளியைத் தேடிப் போனவருக்கு

நன்னடத்தை அலுவலராய் நெடுங்காலம் நடையாய் நடந்து, இன்று நிறைவாய் விடைபெறும் அம்மையீர்!

கோப்பைப் படிக்குமுன் முகத்தைப் படிக்கும் பெருந்தகையே! சிறைவாசல்வரை போனவரைச் சீராக்கி வீட்டுவாசலில் சேர்க்கும் செம்மையே! வாங்கிய செருப்பைவிடத் தைத்த செருப்பையே அதிகம் அணிந்த தலைவியே! வணக்கம்.

தைத்த செருப்பு என்றதும் நீங்கள் முறைப்பது தெரிகிறது. வந்திருக்கும் விருந்தினருக்கு விளக்க வேண்டுமே! நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் நம் கண்காணிப்பில் விட்டவர்களை, அவர்கள் வேலை செய்யும் இடத்தில் நீங்கள் அதிகாரியாகப் போய்ப் பார்த்ததே இல்லை. வாடிக்கையாளராகத்தான் போவீர்கள். செருப்புத் தைப்பவரிடம் செருப்பு, குடை பழுதுபார்ப்பவரிடம் குடை. பக்கத்துக் கடைக்காரருக்குச் சந்தேகம் வராது. அவர்கள் மானமும் போகாது. நன்றாக இருக்கும் பொருளையும் இதற்காகவே நீங்கள் உடைப்பதாக உங்கள் வீட்டுக்காரர் எங்களிடம் புலம்பியதுண்டு.

அப்படிப்பட்ட உங்கள் முன்னே வந்து நின்றது செயற்கை நுண்ணறிவு. கண்காணிப்பில் இருப்பவரின் போன் எங்கெங்கே போகிறது, வாராவாரம் அது போனில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது அவர் குரல் எப்படி ஒலிக்கிறது என்று எல்லாவற்றையும் நொடியில் அலசி, மீண்டும் தவறக்கூடியவருக்குச் சிவப்புப் புள்ளியும் அஞ்ச வேண்டாதவருக்குப் பச்சைப் புள்ளியும் இட்டது. அதன் ஆற்றலைக் கண்டு மலைத்துப் போனோம்; சித்திரகுப்தன் என்று பெயரும் வைத்தோம். கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. பச்சையில் இருப்பவர்களை இனி மென்பொருளே பார்த்துக்கொள்ளும், ஓய்வுபெறுவோரின் இடம் நிரப்பப்படாது என்றது அது. நீங்களோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்பே அந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டீர்கள். அதன் சிவப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது என்று மனமாரப் பாராட்டவும் செய்தீர்கள்.

அந்த வெல்டரை மறக்க முடியுமா? கூட்டாளிகளோடு சேர்ந்து கடை உடைத்த வழக்கில் நம்மிடம் வந்தவர்; பள்ளிக்குப் போகும் மகளுக்குத் தகப்பன்; இன்னொரு முறை தவறினால் சிறைதான். சித்திரகுப்தன் கணக்கில் அவர் பச்சையிலும் பச்சை. காலையில் பட்டறை, மாலையில் வீடு. கேட்ட கேள்விக்கெல்லாம் குறையில்லாத பதில். நீங்கள் மட்டும் திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினீர்கள். "இவ்வளவு ஒழுங்கா யாராலயும் இருக்க முடியாதே! ஒரு கடைக்குப் போகல, ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகல. மனுஷன்னா கொஞ்சமாவது அலைய மாட்டானா?" என்றீர்கள். கால் ஒடிந்த இரும்பு முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். அது நம் அலுவலக முக்காலி. முந்தின நாள்வரை நன்றாகத்தான் இருந்தது.

பட்டறையில் அவர் இல்லை. பழைய வழக்கு தெரிந்ததும் முதலாளி வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார். வீட்டில் சொல்லத் துணிவில்லாமல், பட்டறைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில், சாப்பாட்டுப் பாத்திரத்தை மடியில் வைத்தபடி பகலையெல்லாம் கழித்துக்கொண்டிருந்தார். பட்டறைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் சித்திரகுப்தனுக்குப் பிடிபடவில்லை. நீங்கள் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, இதைப் பத்தவைக்கணுமே" என்றீர்கள்.

"எனக்கு வேலையே இல்ல மேடம்" என்று அழுதவர், மிச்சத்தையும் கொட்டிவிட்டார். "பழைய ஆளுங்க வந்து கூப்பிட்டாங்க. இன்னிக்கு சாயங்காலம் வர்றேன்னு சொல்லிட்டேன்."

"சாயங்காலத்துக்கு இன்னும் நேரமிருக்கு. எந்திரி, முதல்ல உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லலாம். நானும் வர்றேன்."

அன்று மாலை அவர் வீட்டில்தான் இருந்தார். பிறகு வேறொரு பட்டறை முதலாளியிடம் எதையும் மறைக்காமல் பேசி, நீங்களே சேர்த்துவிட்டீர்கள். கண்காணிப்புக் காலம் முடிந்து தலைநிமிர்ந்து நடக்கும் அவர்தான், இதைச் சபையில் சொல்லச் சொன்னார்.

அம்மையீர்! அதற்குப் பின் நடந்ததுதான் பெரிது. இயந்திரம் தோற்றதென்று நாங்கள் குதித்தபோது, "அதைத் திட்டி என்ன ஆகப்போகுது? தெரியாததைச் சொல்லிக்குடுப்போம்" என்று மென்பொருள் பொறியாளரைப் பிடித்து உட்காரவைத்தீர்கள். இப்போது நாள்தோறும் அந்தத் திரை, பளிச்சென்று பச்சையாய் இருக்கும் ஒருவரைத் தானே காட்டி, நேரில் போய்ப் பார்க்கச் சொல்கிறது. போவதற்குக் கால் வேண்டுமே! சுற்றறிக்கை திரும்பிப் போயிற்று. உங்கள் இடத்துக்கு நாளை ஒருவர் வருகிறார். எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடும் என்று நாங்கள் நடுங்கிய இயந்திரத்தையே, எங்களை வேலைக்கு விரட்ட வைத்துவிட்டீர்கள்.

நோய் அண்டாமல், நிம்மதி நீங்காமல், நடந்து களைத்த கால்கள் நன்றாய் ஓய்ந்து, நல்லோர் சூழ நெடிது வாழ்க!

முன்வரிசையில் இரண்டு இடம் காலியாக இருப்பதைப் பார்த்து வருந்தாதீர்கள். உங்களிடம் தொழில் கற்ற இருவர் விழாவுக்குக் கிளம்பும் நேரத்தில், திரை ஒரு பச்சைப் பெயரைக் காட்டியது. "விழாவுக்கு வரலைன்னா மேடம் மன்னிச்சிடுவாங்க. இதுக்குப் போகலைன்னா மன்னிக்கவே மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அன்பில் திளைக்கும்,
வெளியே போயிருக்கும் இருவர் உள்ளிட்ட
நன்னடத்தை அலுவலகப் பணியாளர்கள்