போடிமெட்டு இறக்கத்தில் ஒன்பது சதவீதம்

— பைரோசண்ணே, கியர்ல இருந்து கையை எடுங்க! எடுங்கன்னா!

— ஏன் பொற்கொடி கத்துறே? இருபத்தாறு வருசமா இந்த இறக்கத்துல நியூட்ரல்ல போட்டுத்தான் இறங்குறேன். டீசல் மிச்சம்.

— டீசலா? இது கரண்டு ஜீப்புண்ணே! கியர்ல இறங்குனாத்தான் பேட்டரி ஏறும். போன வாரம் நியூட்ரல்ல விட்டுத்தானே முந்தல் தாண்டி நட்டநடு ரோட்டுல நின்னுச்சு?

— நின்னுச்சு. ஒன்கூட ஏலக்கா எடுக்குற பொம்பளைக பத்துப்பேரும் இறங்கித் தள்ளுனாக. போடியே சிரிச்சுச்சு.

— இன்னைக்கும் நின்னா சிரிப்போட போகாது. டீசலுக்குப் பதிலா கரண்டு ஜீப்பு குடுக்க அஞ்சு நாடு சேந்து போடுற திட்டம், வேற ஊருக்குப் போயிரும். போன வாரம் மாதிரியே பின்னாடி உக்காந்திருக்காங்கள்ல கொலம்பியா மார்த்தாம்மா, அவங்க கையெழுத்துதான் கடைசி. மீட்டர் என்ன காட்டுது?

— ஒம்போது.

— ஆத்தாடி! ஒம்போதுல எப்படிண்ணே போடி போறது?

— கையை வச்சேன், நியூட்ரல் போடலையே. பத்து ஆளு, மூணு மூட்டை ஏலக்கா. பாரம் கூடுனா இறக்கத்துல பேட்டரியும் கூட ஏறும்.

— இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?

— வண்டி ஓட்டுறவனுக்குத் தெரியாதா, தாயி?

— பொற்கொடியக்கா, மார்த்தாம்மா அவங்க பாஷையில கேக்குறாங்க. காலையில வந்த புது ஒப்பந்தத் தாளை டிரைவர் படிச்சாரான்னு.

— படிச்சேன்னு சொல்லும்மா சுசித்ரா. மூணு வாட்டி. பழைய தாள்ல ஓனருக்குப் புது ஜீப்பு, அதோட சரி; டிரைவருக்கு ஒண்ணுமில்லை. இதுல முதல் வரியே, டீசல் ஜீப்பு ஓட்டுற நாப்பது பேருக்கும் புது ஜீப்புல வேலை. ஒர்க் ஷாப்பு விஜயகுமாருக்குக் கூலியோட ஆறு மாசம் பேட்டரிப் பயிற்சி.

— அந்த வரிக்கு நான் எத்தனை மனு குடுத்தேன்! ஒருத்தரும் அசையலை. போன வாரம் வண்டி நின்ன மறுநாளு மாத்திட்டாங்களாம். என்ன மாயமோ!

— மாயத்தை விடு. மீட்டரைப் பாரு.

— பதினொண்ணு... அண்ணே, பதிமூணு!

— இன்னும் நாலு கொண்டை ஊசி. பிடிச்சுக்க.

— முந்தல் செக்போஸ்ட்டு வந்திருச்சு! பதினாறு! தாராளமா ஏலச் சென்டர் வரைக்கும் போகும். அடியே மொக்கம்மா, போடுங்கடி குலவையை! போடி வரைக்கும் கேக்கட்டும்! இன்னைக்கு எவன் சிரிக்கிறான்னு பாப்போம்!

— வெரசா கத்தி முடிங்க. பக்கத்துல இருக்குறவன் காது என்னத்துக்கு ஆகுறது?

— அண்ணே, மார்த்தாம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க! உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.

— என்னவாம் சுசித்ரா?

— அவங்களும் நிலக்கரிச் சுரங்கத்துல இருபது வருசம் லாரி ஓட்டுனவங்களாம். சுரங்கத்தை மூடுனப்ப முதலாளிக்கு எல்லாம் கிடைச்சுதாம். ஓட்டுனவங்களுக்கு ஒண்ணுமே இல்லையாம்.

— பாவம்... அதை ஏன் எங்கிட்ட சொல்றாங்க?

— "போன வாரம் நீங்க பழக்கதோசத்துல நியூட்ரல் போடலை. ஒவ்வொரு வளைவுலயும் கண்ணாடியில என் முகத்தைப் பாத்துட்டுப் போட்டீங்க. வண்டி ஓட்டுனவளுக்குத் தெரியாதா? அதான் ராத்திரியோட ராத்திரியா அந்த முதல் வரியை நானே எழுதுனேன்"ங்கிறாங்க.