ஒன்பதாவது துளை

நான் ஒரு காபிப் பைத்தியம். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, பின்னால் தேவைப்படும்.

பெயர் நாகராஜ். இருபத்திரண்டு வருஷமாக வீடுகளில் கரையானுக்கு மருந்து அடிக்கிறேன். தரையும் சுவரும் சேருகிற இடத்தில் அடிக்கொரு துளை போட்டு, மருந்தை இறக்கி, வெள்ளை சிமெண்டால் அடைக்க வேண்டும். ஒரு லிட்டர் போனதும் மண் போதும் என்று மருந்தை மேலே தள்ளிவிடும்.

ஆழ்வார்பேட்டை ராமானுஜம் சார் வீட்டில் அவரும் மனைவி சந்திரிகா அம்மாவும் மட்டும்தான். எந்த வீட்டிலும் நான் முதலில் தேடுவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மூடியை. அன்று அதன் மேல் சாருடைய கார் நின்றிருந்ததால் கண்ணில் படவில்லை. தொட்டி எங்கே என்று நான் கேட்கவில்லை. அம்மா கொடுத்த காபியை ருசித்துக் குடித்துவிட்டு, சமையலறையில் துளை போட ஆரம்பித்தேன்.

ஒன்பதாவது துளை நிரம்பவே இல்லை. நாலு லிட்டர் இறங்கியது. குனிந்து காதை வைத்தேன். கீழே தண்ணீரில் சொட்டுகிற சத்தம். அடைத்துவிட்டேன்.

சொல்லியிருக்கலாம். தொட்டியைக் காலி செய்து கழுவ அரை நாள் போதும். ஆனால் அந்தத் தெருவில் ஏழு வீட்டுக்கு என்னைச் சொல்லிவிட்டவர் அந்த அம்மா. நாகராஜ் கை பட்டால் கவலையே இல்லை என்பார். அந்தப் பேச்சு கெடுவதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

நாலாம் நாள் போன் வந்தது. "நாகராஜ், ஜலத்துல ஏதோ வாசனை வரதே. இவர் வேற காலம்பறலேர்ந்து வாந்தி எடுத்துண்டே இருக்கார்."

நேரில் போனேன். குழாயைத் திறந்து முகர்ந்தேன். மருந்தேதான்.

"மருந்து வாடைதாம்மா. வீடு பூரா அப்டித்தான் அடிக்கும். ஒரு வாரத்துல பூடும்" என்றேன்.

நிம்மதியானார். எனக்குக் காபி கலந்து வந்தார். காபியை விட்டுவிட்டேன் என்றேன். வீணாகப் போகிறதே என்று அவரே குடித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சார் வெள்ளிக்கிழமை இறந்தார். அம்மா ஞாயிற்றுக்கிழமை. தெரிந்தேதான் விட்டேன், உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது ஐயா. நீங்களே போய்ப் பாருங்கள், அந்த வீட்டில் ஒரு கரையான் இருக்காது.