வண்டி எடுக்காத ஞாயிறு

— ஏணியை விட்டு இறங்கு ஜுனெட்டா. அந்தப் படத்தை இப்பவே கழட்டு, சொல்லிட்டேன்.

— இப்பத்தான் ஆணி அடிச்சேன் டீக்கன் ப்ரூயிட். நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் மொத்த சபையும் இந்தக் கீழ் ஹாலுக்கு வரப்போகுது.

— அதனாலதான் சொல்றேன். என் பொண்டாட்டி கார்ல உக்காந்து அழறதை, தட்டுல கோழி வறுவலை வச்சுக்கிட்டு ஊரே வேடிக்கை பார்க்கணுமா?

— வேடிக்கை இல்லீங்க. போலீஸ் நம்ம கறுப்புப் பிள்ளைங்களைத் தரையில போட்டு மிதிக்கிறது ரெண்டு நாள் டிவில ஓடுது. அதுக்கப்புறம் வீட்ல இருக்கறவங்க மனசு என்ன பாடு படுதுன்னு யாரு காட்டுறா? அதைத்தான் எடுத்திருக்கேன். இந்தச் சுவர்ல இருக்கற அத்தனை பேரும் சம்மதிச்சு உக்காந்தவங்க.

— மனசு, மனசு! நாங்கல்லாம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணோம். சரியாப் போச்சு.

— சரியாப் போச்சா?

— பேச்சை மாத்தாத.

— உங்க வீட்டம்மா, சிஸ்டர் க்ளாடீன்தான் ‘என்னையும் எடு பாப்பா’ன்னு கேட்டாங்க. ஞாயித்துக்கிழமைல எல்லாரும் போனப்புறம், பார்க்கிங்ல, தொப்பியைக்கூடக் கழட்டாம, கையில சாவியோட அப்படியே உக்காந்திருப்பாங்க. வண்டியை எடுக்கவே மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?

— எனக்கு எப்படித் தெரியும்? சர்ச்சைத் திறக்க விடியக்காலைல நான் தனியா வந்துடறேன். பூட்டிட்டுப் போறதும் நான்தான். நான் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் கழிச்சு அவ வருவா. ‘பொம்பளைங்களோட பேசிட்டிருந்தேன்’ம்பா.

— நீங்க மேல எதுவும் கேக்கலையா?

— கேட்டா ஜேவோன் பேச்சு வரும். எங்க வீட்ல அந்தப் பேச்சே கிடையாது.

— உங்க வீட்டு வாசல்லதானே அவனை மடக்கினாங்க?

— கார்ல பின் லைட் எரியலையாம். ஆண்டவரே! என் பிள்ளையைக் குப்புறத் தள்ளி முதுகுல முட்டியை வச்சான் அந்தப் போலீஸ்காரன். நான் வராண்டாவுல நின்னு ‘சரிங்க சார், சரிங்க சார்’ங்கறேன். என் ரெண்டு கையும் மேல இருக்கு. யாரும் தூக்கச் சொல்லல ஜுனெட்டா. அதுவா ஏறிடுச்சு. க்ளாடீன் எனக்குப் பின்னாடி நிக்கறா. அப்புறம் ஜேவோன் எழுந்து என்னைப் பார்த்தான் பாரு ஒரு பார்வை... இப்ப அட்லாண்டால இருக்கான். அம்மாவுக்கு மட்டும்தான் போன்.

— நீங்க கையை இறக்கிட்டு அவனைக் காப்பாத்த ஓடியிருந்தா, இந்தச் சபை ரெண்டு சவப்பெட்டி தூக்கியிருக்கும் டீக்கன்.

— எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. எனக்கு அது உள்ள இறங்க மாட்டேங்குது.

— உக்காருங்க. தண்ணி குடிங்க.

— வேணாம். சரி, கழட்ட வேணாம். அந்த ஓரத்தை மட்டும் வெட்டிடு. பின்னாடி வர்றதைப் பார்க்கற கார் பக்கக் கண்ணாடி தெரியுதுல்ல, அது வரைக்கும். அப்புறம் நான் வாயே திறக்கல.

— கண்ணாடியா? அதுல என்ன இருக்கு? இதைவிட நல்ல படம் ஒண்ணு வச்சிருந்தேன், தொப்பி இறகுல வெயில் பட்டு ராணி மாதிரி இருந்தாங்க. ‘அது வேணாம், இதைத்தான் மாட்டணும்’னு ஒத்தக்கால்ல நின்னாங்க. ஏன்னு கேட்டா சிரிக்கிறாங்க.

— வெட்டுன்னா வெட்டு. என்ன கேள்வி!

— இருங்க இருங்க. குப்பைத்தொட்டி... பக்கத்துல ஒரு நீல பிக்கப் வண்டி. உள்ள யாரோ ஸ்டியரிங் மேல தலையைக் கவுத்துக்கிட்டு...

— அவ்வளவு தூரத்துல, அந்த இருட்டுக்குள்ள, எப்படிம்மா விழுந்துச்சு?

— கேமரா தானா காட்டுற வெளிச்ச அளவை நம்புனா நம்ம கறுப்பு முகம் கரிக்கட்டையா வரும். அவங்க முகம் நல்லா தெரியணும்னு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட விட்டேன். நிழல்ல இருந்ததும் சேர்ந்து வந்துடுச்சு. டீக்கன்... அது உங்க வண்டி.

— பூட்டிட்டு வந்து உக்காருவேன். வீட்டுக்குப் போனா அந்த வராண்டாவைத் தாண்டித்தானே உள்ள போகணும்? அவ கார் நிக்கறது தெரியும். உள்ள அவ இருக்கான்னு நான் நிமிர்ந்தே பார்க்கல. வெட்டிடு பாப்பா, உன் காலைப் பிடிக்கிறேன். க்ளாடீனுக்குத் தெரிய வேணாம்.

— அன்னைக்கு நான் அவங்க பக்கத்து சீட்ல இருந்தேன். எங்கேயோ வெறிச்சுப் பார்த்து அழறாங்கன்னு நினைச்சேன். கண்ணைப் பாருங்க டீக்கன், அந்தக் கண்ணாடியிலதான் இருக்கு. பின்னாடி ஒரு வண்டி கிளம்பிப் போற சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் அவங்க சாவியைத் திருப்பினாங்க.